பெரிய அரசுப் பள்ளிக்கூடத்தைப் பத்தி ஆளுக்கொண்ணு சொல்லுதாங்களே, யாரை நம்ப?

நீங்க கேட்டிருக்கதை முதல்ல என் வார்த்தையில சொல்லிக்கிடுதேன், நான் சரியா புரிஞ்சுக்கிட்டேனான்னு பாருங்க. சொந்த ஊர் தக்கலை பக்கம், இத்தனை வருசம் பெங்களூர்ல இருந்துட்டு இப்ப நாகர்கோவிலுக்கு குடிவாறீங்க, பையன் ஆறாம் வகுப்பு, மக ஒன்பதாம் வகுப்பு. பாத்து வச்சிருக்க வீட்டுல இருந்து நடந்து போற தூரத்துல ஆயிரத்துக்கு மேல பிள்ளைங்க படிக்கிற அரசு மேல்நிலைப்பள்ளி ஒண்ணு இருக்கு. மேப்புல போய் பாத்தா ஒருத்தரு அஞ்சு ஸ்டார் போட்டு "மாவட்டத்துலயே பெஸ்ட்"ங்காரு, அடுத்த ஆளு ஒரு ஸ்டார் போட்டு "டாய்லெட் மோசம், டிசிப்ளின் கெடையாது"ங்காரு, போதாக்குறைக்கு வீட்டுல பெரியவங்க "கவர்மெண்ட் ஸ்கூலா?"ன்னு முகத்தை சுளிக்கிறாங்க. ஸ்கூல் பேரை நீங்க போடல, அது நல்லதுதான், நானும் கேக்கல. சேக்கலாமா வேண்டாமான்னு கேட்டு முடிச்சிருந்தாலும், உங்க தலையில ஓடுறது ஒண்ணுக்கொண்ணு முரண்படுற இந்த அபிப்ராயங்கள்ல எதை எடுத்துக்கிடணும் எதை விடணும்ங்கறதுதான்னு படுது. அதுக்குத்தான் பதில் எழுதுதேன்.

நான் இந்தக் குமரி மாவட்டத்துல அரசுப் பள்ளிகள்ல பிஜி (பிளஸ் ஒன், பிளஸ் டூ எடுக்கிற) கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன். தோவாளை பக்கமும் கல்குளம் பக்கமும் பாத்தாச்சு, மலையோரத்துலயும் கொஞ்ச காலம் இருந்தாச்சு. பிடிஏ கூட்டத்துல நின்னு பேச்சு வாங்குற பக்கம் இருந்தவன், அதனால எனக்கும் ஒரு சாய்வு இருக்கும், அதைக் கழிச்சுட்டு வாசிங்க.

பெரிய ஸ்கூல் பத்தி ஒண்ணு மனசுல வச்சுக்கிடணும், அது ஒரே ஸ்கூல் கெடையாது. ஆறாம் வகுப்பு ஏ செக்‌ஷன் இங்கிலீஷ் மீடியம் ஒரு உலகம், ஒன்பதாம் வகுப்பு ஈ செக்‌ஷன் தமிழ் மீடியம் வேற உலகம், பிளஸ் டூ ஃபர்ஸ்ட் குரூப் இன்னொண்ணு, தொழிற்கல்வி குரூப்பு பிள்ளைங்க மதியத்துக்கு மேல எங்க இருக்காங்கன்னு மத்த குரூப்பு பிள்ளைங்களுக்கே தெரியாது. அண்ணனும் தங்கச்சியும் அதே கேட்டு வழியாத்தான் உள்ள போயிருப்பாங்க, ஆனா வீட்டுல உக்காந்து பேசினா ரெண்டு பேரும் ரெண்டு ஸ்கூலைப் பத்தி பேசுத மாதிரி இருக்கும். அஞ்சு ஸ்டார்காரரும் ஒரு ஸ்டார்காரரும் பொய் சொல்லல, அவங்கவங்க செக்‌ஷனைச் சொல்லுதாங்க. அதுவும் எந்த வருசத்து செக்‌ஷன்? வருசா வருசம் டிரான்ஸ்பர் கவுன்சிலிங் நடக்குது, எச்எம் பிரமோஷன்ல போறாரு, கெமிஸ்ட்ரி டீச்சர் சொந்த ஊருக்கு மாறுறாங்க, அந்த இடத்துக்கு ஆள் வர ஒரு டெர்ம் ஆகும், சில நேரம் அந்த வருசமே தற்காலிக ஆளை வச்சு ஓடும். அதனால பாடம் நடத்துறதைப் பத்தி எழுதினது மூணு வருசத்துக்கு மேல பழசுன்னா நான் கண்ணை மூடிக்கிட்டு தள்ளிருவேன். கட்டடம், கிரவுண்டு, பஸ் ஸ்டாப் பத்தினதுன்னா பழசா இருந்தாலும் பாக்கலாம், அது அவ்வளவு சீக்கிரம் மாறாது.

இன்னொண்ணு, எழுதுறது யாரு? நம்ம மாவட்டம் தமிழ்நாட்டுலயே படிப்பறிவு கூடின மாவட்டம், 2011 சென்சஸ்ல 91 சதவீதத்துக்கு மேல, அதனால எல்லாரும் அபிப்ராயம் சொல்லிருப்பாங்கன்னு தோணும். ஆனா வெளுப்புக்கு முன்ன தலையில லைட்டைக் கட்டிக்கிட்டு ரப்பர் தோட்டத்துல பால்வெட்டுக்கு போற அப்பா, முந்திரி ஆபீஸ்ல கொட்டை உடைக்கிற அம்மா, தூத்தூர் பக்கத்துல இருந்து தங்கல் மீன்பிடிக்கு போய் வாரக்கணக்குல கடல்ல கெடக்கிற ஆளு, துபாய்ல இருந்துக்கிட்டு வாட்சப்ல ரேங்க் கார்டு பாக்கிற ஆளு, இவங்க யாரும் மேப்புல போய் ஸ்டார் போடுறதில்ல. அரசுப் பள்ளியில பிள்ளையை விட்டிருக்கவங்கள்ல பெரும்பங்கு இவங்கதான். பெத்தவங்க கூட்டம் புதன்கிழமை காலையில பத்தரைக்கு வச்சா யாரு வருவா? வேலை நாள்ல லீவு போட்டா கூலி போற வீட்டுல இருந்து யாரும் வரமாட்டாங்க, வாறது டவுன்ல கடை வச்சிருக்கவரு, ஆபீஸ்ல பர்மிஷன் போட முடியுறவரு. "பேரன்ட்ஸ் எல்லாரும் திருப்தியா இருக்காங்க"ன்னு ஸ்கூல் சொல்லுததும் "பேரன்ட்ஸ் எல்லாரும் கொதிச்சுப் போய் இருக்காங்க"ன்னு ஒருத்தர் எழுதுறதும் அந்த வந்த பத்துப் பேரை வச்சுத்தான். அப்புறம், பதினொண்ணுல ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்காத கோவத்துல ராத்திரியே ஒரு ஸ்டார் போடுறவங்க உண்டு. மே, ஜூன் மாச தேதி போட்ட ஒரு ஸ்டார் எல்லாத்தையும் கொஞ்சம் சந்தேகத்தோட பாருங்க.

பெத்தவங்க வாயில அதிகமா வாறது மூணு சமாச்சாரம்: பாஸ் பர்சன்டேஜ், டிசிப்ளின், இங்கிலீஷ். பாஸ் பர்சன்டேஜை வச்சு ஸ்கூலை எடை போடுறது எனக்கு எப்பவுமே ஒத்துக்கிடல. பாஸ் மார்க்கு 35, குமரி மாவட்டத்துல பெரும்பாலான ஸ்கூல் தொண்ணூறுக்கு மேலதான் நிக்கும், அதுல 94க்கும் 98க்கும் நடுவுல உங்க பிள்ளைக்கு எந்த வித்தியாசமும் கெடையாது. அதுமட்டுமில்ல, சில தனியார் ஸ்கூல்ல ஒன்பதாம் வகுப்புலயே தட்டுத்தடுமாறுற பிள்ளையோட அப்பாவைக் கூப்பிட்டு "வேற இடம் பாத்துக்கிடுங்க"ன்னு டிசியை கையில குடுத்துருவாங்க. அந்தப் பிள்ளை எங்க வரும்? அரசுப் பள்ளிக்குத்தான் வரும், நாங்க முடியாதுன்னு சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அங்க நூறு சதவீதம் ஆனதும் இங்க ரெண்டு சதவீதம் குறைஞ்சதும் ஒரே பிள்ளையாலதான்னு நோட்டீஸ் அடிக்கிறவங்க சொல்லமாட்டாங்க. மாநில அளவுல முதலிடம் ரெண்டாமிடம்னு அறிவிக்கிறதை 2017லயே அரசு நிறுத்தியாச்சு, ஆனா ஃபிளெக்ஸ் போர்டு மட்டும் நிக்கல. நீங்க கேக்க வேண்டியது வேற: போன வருசம் கணக்குல, பிசிக்ஸ்ல எத்தனை பேரு எழுதினாங்க, அதுல எழுபதுக்கு மேல எத்தனை பேரு? அதைச் சொல்லத் தயங்குற ஸ்கூல்னா ஒரு குறி போட்டு வச்சுக்கிடுங்க.

டிசிப்ளின்னு பெத்தவங்க சொல்லும்போது பாதி நேரம் முடிவெட்டு, பேன்ட் டைட்டு, பையில செல்போனு இதைத்தான் சொல்லுதாங்க. பஸ் ஸ்டாண்டுல யூனிஃபார்ம் போட்ட பையங்க நாலு பேரு சத்தம் போட்டா அந்த ஸ்கூலே கெட்டுப்போச்சும்பாங்க. ஆயிரம் பிள்ளையில நாப்பது பேரு ஒழுங்கீனமா இருந்தா அது வெளிய தெரியும், இருநூறு பிள்ளை ஸ்கூல்ல எட்டுப் பேரு இருந்தா தெரியாது, கணக்கு ரெண்டும் ஒண்ணுதான். இங்கிலீஷ் விசயத்துல மட்டும் பெத்தவங்க சொல்லுததுல நியாயம் உண்டு. அரசுப் பள்ளிகள்ல இங்கிலீஷ் மீடியம் செக்‌ஷன் 2012-13ல இருந்து பரவலா வந்துருச்சு, புக்கு இங்கிலீஷ்ல இருக்கும், பரீட்சை இங்கிலீஷ்ல இருக்கும், கிளாஸ்ல விளக்கம் தமிழ்லதான் ஓடும். பாடம் புரியுறதுக்கு அது நல்லதுன்னுதான் நான் சொல்லுவேன், ஆனா பெங்களூர்ல இருந்து வாற உங்க பையன் பேசிப் பழகின இங்கிலீஷ் ஒரு வருசத்துல மங்கிரும், அதை வீட்டுலதான் காப்பாத்தணும்.

பிள்ளைங்க சொல்லுததை பெரியவங்க லேசா எடுத்துக்கிடுதாங்க, நான் அப்பிடி எடுக்கமாட்டேன். சில விசயத்துல அவங்களை விட்டா வேற சாட்சியே கெடையாது. டாய்லெட்டு, குடிதண்ணி, பஸ்ஸு, எந்த பீரியடு யாரும் வராம ஃப்ரீயா போகுது, இந்த நாலுலயும் பிள்ளை சொன்னா சொன்னதுதான். காலையில இன்டர்வெல் பத்து நிமிசம் விடுவோம். முன்னூறு பொம்பளப் பிள்ளைங்க, கதவு சரியா சாத்துற கக்கூஸ் ஆறோ ஏழோ இருக்கும், வரிசை கெணத்தடி வரைக்கும் நிக்கும், பெல் அடிச்சதும் பின்னால நின்னவ போகாமலே கிளாசுக்கு திரும்பிருவா. அதுக்கு பயந்து காலையில இருந்தே தண்ணி குடிக்காம இருக்கிற பிள்ளைங்க உண்டு, சாயங்காலம் டப்பால கொண்டுவந்த தண்ணி அப்பிடியே இருக்கும், வீட்டுல அம்மாவுக்கு காரணம் தெரியாது. "டாய்லெட் மோசம்"னு ஒரு பொண்ணு எழுதிருந்தா அதை சும்மா குறை சொல்லுதான்னு தள்ளாதீங்க. அதுவும் உங்க மக ஒன்பதாம் வகுப்பு, இதை நீங்களே போய் கண்ணால பாக்கணும், ஆபீஸ் ரூம் பக்கத்துல இருக்கிற டீச்சர்ஸ் டாய்லெட்டை இல்ல, கடைசி பிளாக்குல இருக்கிறதை.

பஸ்ஸும் அப்பிடித்தான். சாயங்காலம் ஸ்கூல் விட்டு அரை மணிக்கூருக்குள்ள ஒரு பஸ், அதை விட்டா அடுத்தது ஒரு மணிக்கூர் கழிச்சுன்னா, அந்த ரூட்டுப் பிள்ளைங்க ஸ்பெஷல் கிளாசை வெறுப்பாங்க, கடைசி பீரியடு எடுக்கிற வாத்தியாரை வெறுப்பாங்க, ஸ்கூலையே வெறுப்பாங்க. நீங்க நடந்து போற தூரம், உங்களுக்கு அந்தக் குறை பொருந்தாது, ஆனா ரிவ்யூவுல அது "டீச்சர்ஸ் டார்ச்சர்"னு வேற வேசத்துல நிக்கும்.

பிள்ளைங்க சொல்லுததுல தள்ளவேண்டியது "போர்", "ரொம்ப ஸ்ட்ரிக்ட்". ஸ்ட்ரிக்ட்டுன்னு அவங்க வைற வாத்தியாருக்குத்தான் பத்து வருசம் கழிச்சு கல்யாணப் பத்திரிகை கொண்டு வருவாங்க. ஆனா ஸ்ட்ரிக்ட்டுங்கறதும் "அடிக்காரு"ங்கறதும் ஒண்ணில்ல. அடிக்கிறதுக்கு கல்வி உரிமைச் சட்டம் 17ஆவது பிரிவுலயே தடை இருக்கு, 2009ல வந்த சட்டம். பேரைச் சொல்லி சாதியைச் சொல்லி மதத்தைச் சொல்லி கிளாஸ்ல அவமானப்படுத்துனாங்கன்னு ஒண்ணுக்கு மேல பிள்ளைங்க தனித்தனியா சொன்னா அதை நான் அப்பிடியே நம்புவேன், எந்த ஸ்கூலா இருந்தாலும். 14417ன்னு பள்ளிக்கல்வித்துறை ஹெல்ப்லைன் நம்பர் இருக்கு, குழந்தைங்களுக்கு 1098 இருக்கு, எங்க சேத்தாலும் ரெண்டு பிள்ளைகளுக்கும் மனப்பாடமா சொல்லிக் குடுத்துருங்க.

மூணாவதா ஒரு கூட்டம் இருக்கு, பழைய மாணவர்கள். இவங்க எழுதுறது வாசிக்க நல்லாயிருக்கும், முடிவெடுக்க உதவாது. திருவிதாங்கூர் காலத்துல தொடங்கின ஸ்கூல்களுக்கு இந்தப் பெருமை கொஞ்சம் கூடுதலாவே உண்டு. நாகர்கோவில் எஸ்எல்பி ஸ்கூலை எடுத்துக்கிடுங்க, பேருல இருக்கிற சேது லட்சுமி பாய் 1924ல இருந்து 1931 வரைக்கும் திருவிதாங்கூரை ரீஜன்டா ஆண்டவங்க, நம்ம ஜில்லா தமிழ்நாட்டோட சேந்ததே 1956 நவம்பர் 1ல. அப்பிடிப்பட்ட ஸ்கூல்ல "எங்க தாத்தா படிச்சாரு, எங்க அப்பா படிச்சாரு"ன்னு சொல்லும்போது அந்தக் காலத்துல அதுக்கு மாத்தா சுத்துவட்டாரத்துல எத்தனை ஸ்கூல் இருந்துச்சுன்னும் யோசிக்கணும். நல்லா படிக்கிற பிள்ளைங்க எல்லாம் அங்கதான் வந்தாங்க. இப்ப தெருவுக்கு ஒரு மெட்ரிக் இருக்கு, பிள்ளைங்க பிரிஞ்சு போயாச்சு, வாத்தியார் அதே தரம்தான்.

வாத்தியார் விசயத்துல நம்ம மாவட்டத்துக்கு ஒரு நல்லதும் உண்டு. நம்மாளுங்க நிறைய பேரு டீச்சர் வேலைக்கு போயி வடமாவட்டத்துல போஸ்டிங் வாங்கி, எப்படா ஊருக்கு டிரான்ஸ்பர் கிடைக்கும்னு காத்துக் கெடப்பாங்க. அதனால இங்க ஒரு இடம் காலியானா வாறதுக்கு ஆள் ரெடி. வாறவங்க சீனியரா இருப்பாங்க, பாடம் கைவசம் இருக்கும், கம்ப்யூட்டர்ல கை ஓடாது. வேணாம்னு தள்ளுற குறை இல்லன்னு எனக்குத் தோணும்.

இனி அபிப்ராயத்துக்கு இடமில்லாத விசயங்கள், இது உங்க ரெண்டு பிள்ளைக்கும் ரெண்டு விதமா வரும், கவனமா பாருங்க. ஆறுல இருந்து பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சா மெடிக்கல் சீட்டுல 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, 2020ல வந்த சட்டம், அடுத்த வருசமே இன்ஜினியரிங், அக்ரி மாதிரி படிப்புக்கும் நீட்டினாங்க. உங்க பையன் ஆறாம் வகுப்புல சேந்தா அந்தக் கதவு அவனுக்கு திறந்திருக்கும், ஏழுல கொண்டுவந்து சேக்கலாம்னு ஒரு வருசம் தள்ளினா மூடிரும். மக ஒன்பதுல வாறதால அவளுக்கு அது கெடையாது. கல்லூரி போற பொண்ணுங்களுக்கு மாசம் ஆயிரம் ரூபா குடுக்கிற புதுமைப் பெண் திட்டமும் ஆறு முதல் பன்னிரண்டு கணக்குதான், அதுலயும் வரமாட்டா. பையனுக்கு, ஆம்பளப் பிள்ளைங்களுக்கான அதே மாதிரித் திட்டம் தமிழ்ப் புதல்வன் உண்டு. தமிழ் மீடியத்துல படிச்சா அரசு வேலையில 20 சதவீதம்னு யாராவது சொல்லி பையனைத் தமிழ் மீடியத்துல போடச் சொல்லுவாங்க, அந்தச் சலுகைக்கு 2020 திருத்தத்துக்கு அப்புறம் ஒண்ணாம் வகுப்புல இருந்தே தமிழ் மீடியத்துல படிச்சிருக்கணும், அதனால அந்தக் காரணத்துக்காக மீடியத்தை மாத்த வேண்டாம்.

இங்க நம்ம ஊர்ல பலபேரு குழம்புற இடம் எய்டட் ஸ்கூல். குமரியில சபைகளும் டிரஸ்டுகளும் நடத்துற அரசு உதவி பெறும் பள்ளிகள் ரொம்ப ஜாஸ்தி, ஸ்காட், கார்மல், டதின்னு நாகர்கோவில்ல மட்டும் நிறைய பெரிய பேரு, சம்பளம் அரசு குடுக்குது, புக்கு அரசு குடுக்குது, அதனால "அதுவும் கவர்மெண்ட் மாதிரிதானே"ன்னு நினைச்சுருவாங்க. 7.5 சதவீதத்துல எய்டட் ஸ்கூல் பிள்ளைங்க வரமாட்டாங்க. பிளஸ் டூ முடிச்சு கவுன்சிலிங் சமயத்துல இது தெரிஞ்சு அழுத வீடுகளை நான் பாத்திருக்கேன். படிப்புக்கு எய்டட் குறைச்சல்னு நான் சொல்ல வரல, நல்ல நல்ல ஸ்கூல் உண்டு, ஆனா பையன் டாக்டர் ஆசை உள்ளவன்னா இதைத் தெரிஞ்சுக்கிட்டு முடிவெடுங்க.

மகளுக்கு நான் யோசிக்கிறது தமிழ் பேப்பர். 2006ல வந்த தமிழ் கற்றல் சட்டப்படி ஸ்டேட் போர்டு பத்தாம் வகுப்புல தமிழ் கட்டாயம். வீட்டுல தமிழ் பேசினாலும் பெங்களூர்ல ஸ்கூல்ல கன்னடமும் ஹிந்தியும் படிச்ச பிள்ளைக்கு ரெண்டே வருசத்துல செய்யுளும் இலக்கணமும் எழுதி பாஸ் பண்ணுறது சின்ன வேலை இல்ல. ஏலாததும் இல்ல, விளவங்கோடு பக்கம் மலையாளம் பேசுற வீட்டுப் பிள்ளைங்க எத்தனையோ பேரு எழுதி வந்திருக்காங்க, ஆனா பத்தாம் வகுப்பு ஆரம்பிச்சுட்டு யோசிக்க முடியாது. வெளிமாநிலத்துல இருந்து வாறதுக்கு ஏதாவது விலக்கு கேக்க முடியுமான்னு சேக்கிறதுக்கு முன்னாலயே நாகர்கோவில் சிஇஓ (முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீஸ்ல எழுத்துல கேளுங்க, வாய்ப்பேச்சை நம்பாதீங்க.

உறுதியா சொல்ல முடியாததும் இருக்கு. அமைதியான பிள்ளை பெரிய ஸ்கூல்ல காணாமப் போயிருமான்னு கேட்டிருந்தீங்க. சில பிள்ளைங்க ஐம்பது பேரு கிளாஸ்ல மூணாவது பெஞ்சுல ஒளிஞ்சே அஞ்சு வருசம் ஓட்டிருவாங்க, எந்த வாத்தியாருக்கும் பேரு தெரியாது. அதே மாதிரிப் பிள்ளைக்கு பெரிய ஸ்கூல்லதான் என்சிசி, ஜூனியர் ரெட் கிராஸ், ஹாக்கி, நாலஞ்சு குரூப்பு, ஒத்த மனசுள்ள ரெண்டு கூட்டுக்காரின்னு ஏதாவது ஒண்ணு மாட்டும், சின்ன ஸ்கூல்ல அந்த வாய்ப்பு இருக்காது. எது உங்க பிள்ளைக்கு நடக்கும்னு இங்க இருந்துக்கிட்டு நானோ மத்த யாருமோ சொன்னா அது ஆரூடம். அரசுப் பள்ளி நீட் கோச்சிங் போதுமாங்கறதும் அந்தந்த ஸ்கூல்ல எந்த டீச்சர் அதை எடுத்துச் செய்யுறாங்கங்கறதைப் பொறுத்தது.

ஊருக்கு வந்ததும் இப்பிடி செஞ்சு பாருங்க. அந்தத் தெருவுல அந்த ஸ்கூல்ல இப்ப பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கிற பிள்ளை ஒண்ணு இருக்கும், அதுகிட்ட ஸ்கூல் நல்லதான்னு கேக்காதீங்க, "நேத்து எத்தனை பீரியடு நடந்துச்சு மக்களே, எது நடக்கல?"ன்னு கேளுங்க. யுடைஸ் பிளஸ்னு மத்திய அரசோட பள்ளித் தகவல் வெப்சைட்டுல 'நோ யுவர் ஸ்கூல்'னு ஒரு இடம் இருக்கு, எத்தனை டீச்சர், எத்தனை கழிப்பறைன்னு போட்டிருக்கும், அது ஸ்கூலே நிரப்புற தகவல், அதனால எண்ணை வச்சுக்கிட்டு நேர்ல போய் ஒத்துப் பாருங்க. பள்ளி மேலாண்மைக் குழுவுல முக்கால்வாசிப் பேரு பெத்தவங்கதான், தலைவரும் ஒரு பெத்தவர்தான், அவங்க பேரு ஸ்கூல் சுவத்துலயே எழுதியிருக்கும், அதுல ஒருத்தரைப் பிடிச்சு கடைசி கூட்டத்துல என்ன தீர்மானம் போட்டாங்கன்னு கேளுங்க. சொல்லத் தெரிஞ்சா அங்க கூட்டம் நிஜமாவே நடக்குதுன்னு அர்த்தம், கையெழுத்துக்கு நோட்டு மட்டும் வீட்டுக்கு வருதுன்னு சொன்னா நிலைமை உங்களுக்கே புரியும்.

ரெண்டு பிள்ளையையும் ஒரே ஸ்கூல்ல விடணும்னு கட்டாயம் வச்சுக்கிடாதீங்க. என்கிட்ட கேட்டா, டாய்லெட்டும் டைம்டேபிளும் சரியா இருந்தா பையனை யோசிக்காம ஆறுல சேத்துருங்கன்னு சொல்லுவேன். மகளுக்கு அரசுச் சலுகை எதுவும் பெருசா பாக்கி இல்ல, அதனால அவளுக்கு தமிழ் விசயம் தெளிவான பிறகு, அவ இப்ப படிக்கிற போர்டுலயே தொடர முடியுமான்னும் பாத்துட்டு, அவளையும் கூட கூட்டிட்டுப் போய் ரெண்டு ஸ்கூலைக் காட்டிட்டு முடிவு பண்ணுங்க. டிசி வாங்கும்போது பேரு, இனிஷியல், பிறந்த தேதி மூணும் ஆதார்ல இருக்கிறபடியே இருக்கான்னு அங்கயே நின்னு பாத்து வாங்குங்க, இங்க வந்து எமிஸ்ல (பள்ளிக்கல்வித்துறையோட மாணவர் பதிவு சைட்டு) ஏத்தும்போது ஒரு எழுத்து மாறினாலும் பெங்களூருக்கு திரும்ப அலைய வேண்டியது வரும். உங்க வீட்டுக்காரர் பூர்வீகம் தக்கலைன்னா இருப்பிடச் சான்று, சாதிச் சான்று எல்லாத்துக்கும் இப்பவே ஆன்லைன்ல போட்டு வைங்க, ஜூன் மாசம் விஏஓ ஆபீஸ்ல கூட்டம் தாங்காது.